பத்து நிமிடம் சுற்றிவிட்டு நின்றுபோகும் நீராவி எஞ்சினில் ரசிக்க என்ன இருக்கிறது?

கேள்வி இது: "என் மாமா வைத்திருந்த சிறிய நீராவி எஞ்சின் ஒன்று என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பித்தளைக் கொதிகலன், ஒரு சிலிண்டர், ஒரு சக்கரம், ஒரு விசில், நீராவிக் குழாயில் ஒரு சின்னத் திருகு வால்வு. மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். பத்து நிமிடம் தலைதெறிக்கச் சுற்றுகிறது, தண்ணீர் தீர்ந்து நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் இதை ஓட்டுவது ஆபத்தா? இவ்வளவுதானா, இதற்கு மேல் இதில் ரசிக்க ஏதாவது இருக்கிறதா?"

போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று சொற்கள் என்னைத் துணுக்குற வைத்தன: "தண்ணீர் தீர்ந்து நின்றுவிடுகிறது". ரசனையைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் இந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

பொம்மை வகை எஞ்சின்கள் பலவற்றில் கொதிகலனின் மூடிகளும் குழாய்களும் சாதாரண ஈயப் பற்றாசால் (சால்டர்) ஒட்டப்பட்டவை. அந்தப் பற்றாசு 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை கவலையில்லை. சுடர் எவ்வளவு சுட்டாலும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகிவிடுவதால், தகட்டின் வெப்பம் தண்ணீரின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றிவிட்டால் அந்தக் காவல் போயிற்று. நான் இந்தப் பொழுதுபோக்குக்கு வந்த முதல் ஆண்டில் இதை நேரில் பார்த்தேன். விசிலை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் தண்ணீர்மட்டக் கண்ணாடியை மறந்துவிட்டேன். கொதிகலனின் மூடி ஓரத்தில் பளபளவென்று ஒரு துளி திரண்டது. தண்ணீர் என்று நினைத்தேன். அது வழிந்து தட்டில் விழுந்து, அப்படியே உறைந்து, ஒரு சிறிய வெள்ளிப் பொட்டாகிவிட்டது. பற்றாசு. அந்தக் கொதிகலனைப் பழையபடி ஆக்க முடியவில்லை. அந்தப் பொட்டை இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது: தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், எரிபொருளையும் அளந்து வையுங்கள். எப்போதும் நெருப்பு முதலில் அணைய வேண்டும், தண்ணீர் மிச்சம் இருக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் குறைவான எரிபொருளோடு தொடங்கி, ஆறிய பிறகு மீதித் தண்ணீரை ஓர் அளவுக் குவளையில் வடித்துப் பார்த்தால் உங்கள் எஞ்சினின் கணக்குப் பிடிபட்டுவிடும். கொதிகலனை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மேலே நீராவிக்கு இடம் இல்லாவிட்டால் கொதிக்கும் தண்ணீரே துள்ளிக் குழாய்வழியாகச் சிலிண்டருக்குள் போகும். காய்ச்சி வடித்த நீரோ சுத்தமான மழைநீரோ நல்லது. கடினநீர் உள்ளே சுண்ணாம்புப் படலம் பூசும், பாதுகாப்பு வால்வின் இருக்கையிலும் பூசும்.

இனி ஆபத்தைப் பற்றி. வீட்டில் ஓட்டலாம். நான் ஓட்டுகிறேன். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று தெரிந்துகொண்டு ஓட்ட வேண்டும்.

கொதிகலன் வெடித்தால் நீராவிதான் வெடிக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். மேலே நிற்கும் அந்தக் கொஞ்ச நீராவியில் பெரிய சக்தி இல்லை. சக்தியெல்லாம் கீழே கிடக்கும் தண்ணீரில் இருக்கிறது. இவ்வகை எஞ்சின்களில் பாதுகாப்பு வால்வு பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை பார் அழுத்தத்தில் திறக்கும். ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம். அதற்கு மேல் ஒன்றரை பார் ஏறினால் தண்ணீர் 127 டிகிரியில்தான் கொதிக்கும். 150 மில்லி தண்ணீர் அந்தச் சூட்டில் இருக்கும்போது கொதிகலன் சட்டென்று பிளந்தால், நூறு டிகிரிக்கு மேற்பட்ட சூடு முழுவதும் ஒரே கணத்தில் ஆவியாக மாறும். கணக்குப் போட்டால் ஏழு கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலான தண்ணீர்தான் ஆவியாகிறது. ஆனால் ஆவியானால் தண்ணீர் சுமார் 1,670 மடங்கு பெருகுவதால் அது 12 லிட்டர் நீராவி. ஒரு டம்ளர் தண்ணீருக்குள் இவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதால்தான் பாதுகாப்பு வால்வை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் ஸ்பிரிங்கை இறுக்காதீர்கள், ஒழுகுகிறது என்று அடைக்காதீர்கள். குக்கரின் தலையில் உட்கார்ந்திருக்கும் வெயிட்டும் இதுவும் ஒரே தாயின் பிள்ளைகள். டெனிஸ் பாப்பின் என்பவர் 1679இல் எலும்பை வேகவைக்கும் பாத்திரம் ஒன்றைச் செய்தார். அது வெடிக்காமல் இருக்க அவர் வைத்த எடைக்கட்டை வால்விலிருந்துதான் இரண்டும் வந்தன. அதே பாப்பின் 1690இல் சிலிண்டருக்குள் பிஸ்டனை வைத்து நீராவியால் நகர்த்தும் யோசனையையும் வெளியிட்டார். அடுப்படியும் எஞ்சினும் தொடக்கத்திலிருந்தே உறவு.

உங்களுடையது கைமாறி வந்த எஞ்சின். அதனால் அடுத்த ஓட்டத்துக்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். பற்றாசு இணைப்புகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அங்கே கசிவு இருந்திருக்கிறது என்று பொருள். பாதுகாப்பு வால்வின் தண்டை விரலால் மெதுவாக இழுத்தால் தயங்காமல் வந்து, விட்டதும் திரும்ப உட்கார வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் சுத்தம் செய்து பயன்படுத்தலாம் என்று பார்க்காதீர்கள், புதிது வாங்கிவிடுங்கள். நீங்கள் பழுதுபார்க்கவே கூடாத ஒரே பாகம் அது. மிகப் பழைய எஞ்சினாக இருந்தால் திரியிலும் அடைப்புக் கயிற்றிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் பிய்க்காமல், ஈரப்படுத்தி எடுத்துப் பத்திரமாக அப்புறப்படுத்துங்கள்.

பழைய கொதிகலனைச் சோதிக்கத் தண்ணீர்ச் சோதனை என்று ஒரு முறை உண்டு. காற்றுக் குமிழே இல்லாதபடி குளிர்ந்த நீரால் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தத்தை ஏற்றுவார்கள். புதுக் கொதிகலனுக்கு வேலை அழுத்தத்தின் இரண்டு மடங்கு, பயன்பாட்டில் உள்ளதற்கு ஒன்றரை மடங்கு என்பது மாதிரி எஞ்சின் சங்கங்களில் பரவலாக உள்ள வழக்கம். தண்ணீர் அமுங்காது. எனவே எங்காவது விட்டுக்கொடுத்தால் ஒரு சொட்டு கசியும், அழுத்தம் அப்படியே விழுந்துவிடும், அவ்வளவுதான். இதே சோதனையைக் காற்றால் செய்வது பேராபத்து. உங்களிடம் பம்பும் அழுத்தமானியும் இல்லை என்றால், இருப்பவரிடம் கொண்டுபோய்ச் செய்துகொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

உண்மையில் வீட்டில் நடக்கும் விபத்துகள் பெரும்பாலும் கொதிகலனால் வருவதில்லை, பர்னரால் வருகின்றன. ஸ்பிரிட் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து எரிந்துகொண்டிருக்கும் பர்னரில் ஊற்றினால் சுடர் ஓடையாக ஏறிப் புட்டிக்கு வந்துவிடும். ஆகவே சூடான பர்னரை ஒருபோதும் நிரப்பாதீர்கள். புட்டி அந்த மேசையிலேயே இருக்க வேண்டாம். பொம்மை எஞ்சின்கள் செய்யும் இங்கிலாந்தின் மாமோட் நிறுவனம் 1970களின் நடுவில் ஸ்பிரிட் பர்னரைக் கைவிட்டுத் திட எரிபொருள் வில்லைக்கு மாறியதும் பாதுகாப்பு கருதித்தான். வில்லைகளிலும் ஒரு குறை உண்டு. எரிச் ஷும் என்ற ஜெர்மானியர் 1936இல் கொண்டுவந்த எஸ்பிட் போன்ற ஹெக்சமின் வில்லைகள் எரியும்போது கண்ணைக் கரிக்கும் நச்சுப் புகை வரும். ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்ட வேண்டும், மீன்வாடை போன்ற அந்த நெடி அறையில் தங்கும். என் மனம் இன்னமும் ஸ்பிரிட்டின் அமைதியான நீலச் சுடரைத்தான் விரும்புகிறது. ஆனால் பிள்ளைகள் ஓடியாடும் வீடு என்றால் வில்லையைத்தான் சொல்வேன். விளிம்பு உயர்ந்த உலோகத் தட்டில் எஞ்சினை வையுங்கள். திரைச்சீலை, காகிதம், மரமேசை எல்லாவற்றையும் விட்டு எட்ட வையுங்கள். நெருப்பை மூட ஒரு தடித்த ஈரத்துண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நீராவி பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும், ஏனென்றால் தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது தன் மறைவெப்பத்தையும் கொடுத்துவிடும். அழுத்தம் இருக்கும்போது எந்த மூடியையும் திருகாதீர்கள்.

இவ்வளவையும் சொல்லியாயிற்று. இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்.

பத்து நிமிடம் தலைதெறிக்கச் சுற்றி நின்றுபோகிறது, அலுத்துவிட்டது என்கிறீர்கள். ஏறக்குறைய இதே குறையோடு ஒரு மாதிரி எஞ்சின் 1763-64 குளிர்காலத்தில் ஜேம்ஸ் வாட்டின் மேசைக்கு வந்தது. அவர் அப்போது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துகொடுக்கும் தொழிலாளி. பேராசிரியர் ஜான் ஆண்டர்சனின் வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்த, சுரங்கத் தண்ணீரை இறைக்கும் நியூகோமென் எஞ்சினின் சிறிய மாதிரி அது. வாட் அதைப் பழுதுபார்த்து ஓட்டினார். சில வீச்சுகள் (பிஸ்டனின் நகர்வுகள்) போட்டதும் கொதிகலனால் ஈடுகொடுக்க முடியாமல் நின்றது. வேறொருவராக இருந்தால் 'பொம்மைதானே' என்று விட்டிருப்பார். வாட் விடவில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் எவ்வளவு நீராவி போகிறது என்று அளந்தார். சிலிண்டரை நிரப்பத் தேவையானதைப் போலப் பல மடங்கு நீராவி செலவாவதைக் கண்டார். அந்த மிச்ச நீராவியெல்லாம் எங்கே போகிறது? குளிர்ந்த சிலிண்டர்ச் சுவரைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. அந்தப் புதிருக்கு 1765இல் அவருக்குக் கிடைத்த விடைதான், நீராவியைச் சிலிண்டருக்கு வெளியே குளிர்விக்கும் தனிக் குளிர்கலன். 1769இல் காப்புரிமை பெற்றார். அந்த மாதிரி எஞ்சின் இன்றும் கிளாஸ்கோவின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த மாதிரியில் நடந்தது உங்கள் மேசையிலும் நடக்கிறது. ஒரு பெரிய எஞ்சினைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் சிலிண்டரின் கொள்ளளவு ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. சுவரின் பரப்போ நூற்றில் ஒரு பங்குதான் ஆகிறது. அதாவது ஒவ்வொரு துளி நீராவியும் பத்து மடங்கு சுவரைச் சந்திக்கிறது. நியூகோமென் எஞ்சினில் ஒவ்வொரு வீச்சுக்கும் தண்ணீரைப் பீய்ச்சிச் சிலிண்டரைக் குளிர்விப்பார்கள். நம் எஞ்சினில் அந்த வேலையைச் சுற்றியிருக்கும் காற்றே செய்துவிடுகிறது. சிறிய எஞ்சினின் சுபாவம் இது என்று புரிந்துவிட்டால், அதனோடு வேலை செய்வது எப்படி என்பது தானாகவே தெரியும்.

முதல் வேலை, சூடேற்றுவது. சுடரை ஏற்றிவிட்டுத் திருகு வால்வை மூடி வையுங்கள். சில நிமிடத்தில் கொதிகலன் முனகத் தொடங்கும். அடியில் பிறக்கும் குமிழிகள் மேலே உள்ள குளிர்ந்த நீரில் ஏறும்போதே நசுங்கி உடைகின்றன. அந்த ஓசைதான் முனகல். தண்ணீர் முழுதும் சூடேறியதும் முனகல் தணிந்து அமைதியாகிவிடும். அந்த அமைதிதான் அறிகுறி. பாதுகாப்பு வால்வின் ஓரத்தில் ஒரு மெல்லிய சீறல் கேட்கும்வரை காத்திருங்கள். பிறகு திருகு வால்வை மயிரிழை அளவு திறந்து சக்கரத்தைக் கையால் மெதுவாக உருட்டுங்கள். வெளிப்போக்கில் துப்பித் துப்பித் தண்ணீர் வரும். குளிர்ந்த சிலிண்டர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. சக்கரம் எங்காவது கெட்டியாக நின்றால் பலவந்தம் செய்யாதீர்கள். பிஸ்டனுக்கும் மூடிக்கும் இடையில் தண்ணீர் சிக்கியிருக்கும். தண்ணீர் அமுங்காது, நீங்கள் அழுத்தினால் தண்டுதான் வளையும். பின்னோக்கி உருட்டுங்கள், மறுபடி முன்னோக்கி உருட்டுங்கள். ஐந்தாறு முறைக்குப் பிறகு துப்பல் குறைந்து வெள்ளைப் புகை வரத் தொடங்கும். ஏதோ ஒரு சுற்றில் சக்கரம் உங்கள் விரலைத் தள்ளிவிட்டுத் தானாகவே போகும். எத்தனை ஆண்டு ஆனாலும் அந்தக் கணத்தில் என் கை ஒரு நொடி அப்படியே நின்றுவிடுகிறது.

ஓடத் தொடங்கியதும் வால்வை முழுக்கத் திறந்துவிடும் ஆசையை அடக்குங்கள். எல்லாரும் வேகத்தைத்தான் சோதிக்கிறார்கள். எஞ்சினின் தரம் தெரிவது மெதுவாக ஓடும்போதுதான். சுற்றுகளை வாயால் எண்ண முடிகிற வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் முதலில் முடியாது, நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்று தேடுவதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் பாதிச் சுவை இருக்கிறது.

குளிர்ந்த நிலையில், நீராவி இல்லாமல், சக்கரத்தை இரு விரலால் உருட்டிப் பாருங்கள். ஒரே இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பிடித்தால் தண்டோ தாங்கியோ கோணியிருக்கிறது. சுற்று முழுவதும் கனமாக இருந்தால் பிஸ்டன் தண்டில் நீராவி கசியாமல் பிடிக்கும் அடைப்பு மறை அதிகம் இறுகியிருக்கலாம். அதற்கு ஸ்பேனர் தேவையில்லை, விரல் இறுக்கம் போதும். உள்ளே கிராஃபைட் பூசிய நூலைச் சுற்றிக்கொள்ளலாம். சிலிண்டர் நிலையாக நின்று, மேலோ பக்கத்திலோ வால்வுப் பெட்டி இருந்தால், ஓட்டத்தின் ஓசையைக் கேளுங்கள். இருபுறமும் நீராவி தள்ளும் சிலிண்டரில் சுற்றுக்கு இரண்டு வெளிமூச்சு. இரண்டும் ஒரே சீராக, ஒரே கனமாக வர வேண்டும். ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் நொண்டினால், பெட்டிக்குள் நகர்ந்து இருபுறமும் மாறிமாறி நீராவி விடும் நழுவு வால்வு நடுவில் இல்லை. ஆறிய பிறகு பெட்டியின் மூடியைக் கழற்றிச் சக்கரத்தை உருட்டி, இரு துளைகளும் சம அளவு திறக்கின்றனவா என்று பார்த்து, வால்வுத் தண்டை அரைச் சுற்று, கால் சுற்று என்று திருகிச் சரிசெய்யலாம். காது தேறத் தேற இந்த வேலை பழகிவிடும். நொண்டல் நீங்கி நடை சீராகும் அந்த ஓட்டத்தில் கிடைக்கும் நிறைவு சொல்லி முடியாது.

சிலிண்டரே முன்னும் பின்னும் ஆடும் வகை என்றால் கதை வேறு. அதில் வால்வே கிடையாது. ஆடும் சிலிண்டரின் தட்டையான முகம், நிற்கும் தட்டின் துளைகளுக்கு நேரே வந்து வந்து போவதுதான் வால்வு. இரண்டு முகங்களும் எவ்வளவு தட்டையோ அவ்வளவு நல்ல எஞ்சின். பழைய எஞ்சின்களில் இந்த முகம் கீறிப்போயிருக்கும், நீராவி பக்கவாட்டில் ஒழுகும். உடனே ஸ்பிரிங்கை இறுக்கத் தோன்றும். இறுக்கினால் ஒழுக்கு குறையும், உராய்வு ஏறும். வேகமாக ஓடும், மெதுவாக ஓடாது. சரியான வழி, முகத்தைத் தேய்ப்பது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 1000 எண் நீர்க் காகிதத்தை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) விரித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சிலிண்டரின் முகத்தில் மார்க்கர் பேனாவால் கோடுகள் போட்டு, எட்டு வடிவில் மெல்லத் தேய்த்துக்கொண்டே போங்கள். கை அழுத்தம் நடுவில் இருக்கட்டும். பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மை அழிந்த இடம் மேடு, மை நிற்கும் இடம் பள்ளம். மை முழுதும் சீராக அழிந்ததும் 2000 எண் காகிதத்துக்கு மாறி முடித்துவிடலாம். நிற்கும் தட்டுக்கும் இதே முறைதான். பிறகு சோப்பு நீரில் பல முறை கழுவுங்கள். ஒரு மணல் துகள் தங்கினாலும் செய்ததெல்லாம் வீண். இதைச் செய்த பிறகு ஸ்பிரிங்கை எவ்வளவு தளர்த்த முடிகிறது என்பதைப் பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். தளர்ந்த ஸ்பிரிங்குக்கு இன்னொரு நன்மையும் உண்டு: தண்ணீர் சிக்கினால் சிலிண்டர் முகம் சற்றே விலகி அதை வெளியே விட்டுவிடும்.

எண்ணெய் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். தையல் எந்திர எண்ணெய் தாங்கிகளுக்குப் போதும். சிலிண்டருக்குள் அது நிற்காது, ஈரமான சூட்டில் கழுவிக்கொண்டு போய்விடும். கார் எஞ்சின் எண்ணெயில் கலந்திருக்கும் சுத்திகரிப்புப் பொருள் தண்ணீரோடு சேர்ந்து பாலாகத் திரிந்துவிடும். நீராவி எண்ணெய் என்றே தனியாக ஒன்று இருக்கிறது. தேன்போலக் கெட்டியானது, விலங்குக் கொழுப்பு சிறிது கலந்திருப்பதால் ஈரமான உலோகத்திலும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் நீராவிக் குழாயில் ஒரு சின்னக் கிண்ணம் போன்ற பாகம் இருந்தால் அதுதான் எண்ணெயூட்டி. அது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. குழாயில் போகும் நீராவியில் சிறிதளவு ஓர் ஊசித்துளை வழியாக உள்ளே வந்து தண்ணீராகிறது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் போய்ச் சேருகிறது. அது ஏற ஏற எண்ணெய் மட்டம் உயர்ந்து, அதே துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக நீராவியோடு போகிறது. ஓட்டம் முடிந்து கிண்ணத்தைக் காலி செய்யும்போது, எத்தனை எண்ணெய் போயிற்றோ அத்தனை தண்ணீர் இருக்கும். தண்ணீரே இல்லையென்றால் துளை அடைத்திருக்கிறது.

எஞ்சின் மெதுவாக ஓடப் பழகியதும் அதற்கு ஒரு வேலை கொடுங்கள். சும்மா சுற்றுவதால்தான் உங்களுக்கு அலுக்கிறது. எஞ்சினுக்கும் அது நல்லதல்ல. ஒரு சிறிய மின்மோட்டாரைக் கப்பியில் பட்டை போட்டு இணைத்தால் அதுவே டைனமோ. விளக்கின் கம்பியைச் சேர்த்த கணத்தில் எஞ்சினின் குரல் மாறும். பரபரப்பு அடங்கி, ஒவ்வொரு மூச்சும் தனித்தனியாக, கனமாக வரும். வால்வைக் கொஞ்சம் திறந்தால் விளக்கு பிரகாசமாகும், விளக்கின் கம்பியை எடுத்துவிட்டால் எஞ்சின் துள்ளி ஓடும். நெருப்பு, தண்ணீர், வால்வு, சுமை நான்கையும் ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்துச் சமன் செய்துகொண்டிருக்கும்போது, அந்த அரை மணி நேரத்தில் வேறெந்த நினைவும் வராது. பெரிய எஞ்சின்களில் இதைச் செய்தவர்கள் ஒரு வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொண்டதன் ஒரு சிறு கீற்று நம் கைக்கும் கிடைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்றைச் சொல்கிறேன். கப்பியில் ஒரு நூலைக் கட்டி, மேசை விளிம்பு வழியாகத் தொங்கவிட்டு, ஒரு எடையைத் தூக்கச் சொல்லுங்கள். 200 கிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் இரண்டு நொடியில் தூக்கினால், அது ஏறக்குறைய ஒரு வாட் திறன். இப்போது மறுபக்கம் பாருங்கள். பத்து நிமிடத்தில் 100 மில்லி தண்ணீர் ஆவியாகியிருந்தால், கொதிகலன் நொடிக்கு 375 ஜூல் வெப்பத்தை நீராவியில் ஏற்றியிருக்கிறது, அதாவது 375 வாட். உள்ளே 375, வெளியே 1. மீதியெல்லாம் எங்கே? வாட் கேட்ட அதே கேள்வியை நீங்களும் கேட்பீர்கள். கேட்டதும் கை தானாகவே வேலையில் இறங்கும். நீராவிக் குழாயைச் சுற்றி வெள்ளைப் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். பெரிய எஞ்சின்களின் மாதிரிகளில் இது பழைய வழக்கம், பார்க்கவும் அழகு. சுடருக்கு அருகில் மட்டும் வேண்டாம். சுடரைக் காற்று அலைக்காமல் ஒரு தகடு மறைப்பு வையுங்கள். குளிர்ந்த நீருக்குப் பதில் வெந்நீர் ஊற்றினால் காத்திருக்கும் நேரம் குறையும். ஆனால் அதில் பெரிய சேமிப்பு இருப்பதாக எண்ண வேண்டாம். அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு, ஆவியாக்குவதற்கே போகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அதே எடை, அதே நூல், அதே அளவு தண்ணீர். ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். விசிலை நான் ஓட்டத்தின் கடைசியில் ஒரே ஒரு முறைதான் இழுப்பேன். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த நீராவியை அது ஒரே மூச்சில் குடித்துவிடுகிறது.

இதற்கு மேல் போக விரும்பினால் பாதைகள் பல. ஜெர்மனியின் லூடென்ஷைடில் இருக்கும் வில்லெஸ்கோ 1950 முதல் இத்தகைய எஞ்சின்களைச் செய்துவருகிறது. நெருப்பே வேண்டாம் என்பவர்களுக்கு அமெரிக்காவின் ஜென்சன் போன்ற மின்சூடேற்றி வைத்த எஞ்சின்கள் உண்டு. கடைசல் எந்திரம் கைவசம் இருந்தால் ஸ்டூவர்ட் 10வி போன்ற வார்ப்புத் தொகுதியை வாங்கி நீங்களே கடைந்து எஞ்சினாக்கலாம். சிலிண்டர் விட்டமும் வீச்சும் முக்கால் அங்குலம்தான். தோட்டத்தில் 32 அல்லது 45 மில்லிமீட்டர் தண்டவாளம் போட்டு நீராவி ரயில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். மழைநாளில் சிறிய காற்றுப்பம்பால் எஞ்சினை மட்டும் ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. அப்போது காற்றை நேராகச் சிலிண்டருக்குக் கொடுங்கள், கொதிகலனுக்குள் விடாதீர்கள். ஆனால் அவசரம் வேண்டாம். உங்களிடம் இருக்கும் எஞ்சினை எண்ணிக்கை வேகத்தில் ஓடவைத்த பிறகே அடுத்ததைப் பற்றி யோசியுங்கள்.

ஓட்டம் முடிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சுடர் அணைந்து எஞ்சின் நின்றதும் திருகு வால்வை இறுக மூடிவிடுங்கள். திறந்து விட்டால், கொதிகலன் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, சிலிண்டரிலுள்ள எண்ணெய்த் தண்ணீரைப் பின்னோக்கி இழுத்துக்கொள்ளும். எண்ணெய் புகுந்த கொதிகலன் அடுத்த முறை நுரைத்துத் துப்பும். மூடிவிட்டுக் காத்திருங்கள். தாங்கிகளைத் துடையுங்கள், எண்ணெயூட்டியைக் காலி செய்யுங்கள், சக்கரத்தை உருட்டிச் சிலிண்டரில் மிச்சமிருக்கும் தண்ணீரை வெளியேற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். கொதிகலன் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், பாதுகாப்பு வால்வை மெல்லத் திருகிக் கழற்றுங்கள். கடைசிப் புரி விடுபடும் இடத்தில் ஒரு சின்ன ஓசை கேட்கும். இந்த முறை மூச்சு வெளியே வராது, அறையின் காற்று உள்ளே போகும். நீராவி இருந்த இடத்தில் இப்போது சில துளித் தண்ணீர்தான் இருக்கிறது, மீதி இடம் வெற்றிடம். 1712இல் நியூகோமெனின் எஞ்சின் சுரங்கத் தண்ணீரை இறைத்தது அந்த வெற்றிடத்தின் மேல் காற்று அழுத்தியதால்தான். கொதிகலனைக் கவிழ்த்து மீதித் தண்ணீரை அளந்து, நோட்டில் எழுதி, வாயைத் திறந்தபடியே காயவிடுங்கள்.